நூற்றுக்கு இருபத்தெட்டு

எங்கள் வளவில் ஒரு படம் பார்க்கத் தகுந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பத்து வயதில் எனக்குக் கிடைத்தது. கேட்டுப் பெற்ற அதிகாரம் அல்ல, தானாக வந்து மடியில் விழுந்தது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது.

எங்கள் ஊர் பழுகாமத்துக்குக் கிட்ட, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து சேர்ந்துகொள்வார். அப்படி ஒரே வளவுக்குள் பெரியம்மாவுக்கு ஒரு வீடு, அம்மாவுக்கு ஒரு வீடு. மூன்றாவதாக ஒரு அத்திவாரம் மட்டும் கிடந்தது. அது சின்னம்மாவுக்குப் போட்டது. சின்னம்மா மட்டக்களப்பு டவுனில் அச்சுக்கூடம் ஒன்றில் எழுத்துக் கோர்க்கும் ஒரு வேதக்காரரை, கிறிஸ்தவரை, விரும்பிக் கலியாணம் செய்துகொண்டு போய்விட்டார். அன்றோடு சுவர் எழும்புவது நின்றது. இனி அவளுடைய பேர் இந்த வளவுக்குள் கேட்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அத்திவாரத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டார்கள். என் அப்பாவுக்கு வாழைச்சேனையில் பேப்பர் மில்லில் வேலை, மாதத்தில் இரண்டு தடவை வந்து போவார். ஆகவே எங்கள் வீட்டுக்கும் சேர்த்துப் பெரியப்பாதான் ராசா.

அந்த ராசா ஒருமுறை பெண்கள் எல்லாரையும் வண்டிலில் ஏற்றி, தோணியில் வாவியைக் கடத்தி, பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோய் ஒரு படத்துக்கு விட்டார். படம் தொடங்கி அரை மணித்தியாலத்தில் ஒரு ஆட்டக்காரி வந்து ஆடினாள். உடுப்புப் போதாமல் ஆடினாள் என்பது பெரியப்பாவின் கட்சி. அவர் ஆண்கள் பக்கத்திலிருந்து எழும்பி, "நம்மட ஆக்களெல்லாம் வெளிய வாங்க" என்று கத்த, பெண்கள் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டார் வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்களாம். அடுத்த பஸ் வரும்வரை எல்லாரும் வெயிலில் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் பிறந்தது. எந்தப் படம் வந்தாலும் முதலில் பெரியப்பா போய்ப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் பெண்களுக்கு வண்டில் பூட்டப்படும்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பெரியப்பா விடியுமுன் எழும்பி வட்டைக்குப் போய் வயல்வேலை பார்க்கிற மனிதர். தியேட்டருக்குள் விளக்கை அணைத்து, தலைக்கு மேலே காற்றாடி சுழன்றால், எழுத்து ஓடி முடிவதற்குள் அவருக்குக் குறட்டை வந்துவிடும். துணைக்கு என்னைத்தான் கூட்டிப்போவார். அவருக்குப் பெண்பிள்ளை இல்லை, நான்தான் செல்லம். பெண்கள் பார்க்கக்கூடிய படமா என்று அறிவதற்கு ஒரு சின்னப் பெண்பிள்ளையை முதலில் கொண்டுபோய் இருத்துவதில் உள்ள கோணல் எங்கள் வளவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திரும்பி வந்ததும் பெரியப்பா கால் கழுவிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சாய்வார். பெரியம்மாவும் அம்மாவும் அயலில் உள்ள இரண்டு மூன்று பெண்களும் வந்து நிற்பார்கள். படம் எப்படி என்று கேட்டால், "புள்ள சொல்லட்டும். நான் சொன்னா ஒரு பக்கமாப் போயிரும்" என்பார். தூங்கியதை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நானும் காட்டிக்கொடுத்ததில்லை. காட்டிக்கொடுத்தால் டவுனில் கிடைக்கும் ஐஸ்பழம் நின்றுவிடும்.

எங்கள் வாத்தியார் கட்டுரைக்குப் புள்ளி போடுவதைப் பார்த்து நானும் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போடத் தொடங்கினேன். கதைக்கு இருபத்தைந்து, பாட்டுக்கு இருபத்தைந்து, சிரிப்புக்கு இருபத்தைந்து, சண்டைக்கு இருபத்தைந்து. ராசா ராணிக் கதையாக இருந்து வாள் உருவினால் சண்டைக்கு முழுப்புள்ளி. ஒரு கதாநாயகனுக்கு வயிறு முன்னுக்கு நின்றது என்று மூன்று புள்ளி வெட்டியிருக்கிறேன். ஐம்பதுக்கு மேலே போனால் வண்டில் உறுதி. நாற்பதுக்குக் கீழே போனால் அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு பேச்சில்லை. பெரியம்மா புள்ளி கேட்பதற்கு முதல் கையில் ஒரு பனங்காய்ப் பணியாரத்தை வைத்துவிடுவார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அம்மா மட்டும் கதையைக் கேட்கமாட்டார். நான் கையை வீசி, குரலை மாற்றி, வில்லனாகவும் கதாநாயகியாகவும் மாறி மாறி நடித்துக்கொண்டிருப்பேன். அம்மா தூணோடு நின்று, "எத்தின புள்ளி மகள்?" என்பார். அடுத்து, "ரெண்டாம் சனிக்கிழமை மட்டும் ஓடுமாமா?" என்பார். அவ்வளவுதான். என் நடிப்பை மதிக்காத ஒரே ஆள் பெற்ற தாயாக இருந்ததில் எனக்குப் பெரிய மனக்குறை.

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. பெண்கள் படத்துக்குப் போகும்போது என்னைக் கூட்டிப்போவதில்லை. நான் ஏற்கனவே பார்த்துவிட்டேனாம். தம்பியை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். பெரியம்மா ஒருமுறை, "பாவம், அவளும் வரட்டுமே" என்றபோது அம்மாதான் முந்திக்கொண்டு மறுத்தார். அம்மா போகும்போது முகம் பரபரவென்றிருக்கும். வரும்போது கண் சிவந்திருக்கும், ஆனால் இரண்டு நாளைக்கு வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தபடி இருப்பார். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு இல்லை என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

அம்மா போனது படம் பார்க்க அல்ல. சின்னம்மாவைப் பார்க்க. புதுப்படம் வந்த இரண்டாம் சனிக்கிழமை மெட்னி ஷோவுக்குச் சின்னம்மா வந்து, பெண்கள் பக்கத்தில் கடைசி வாங்குப் பலகையில், பக்கத்து இடத்தில் குடையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். கடிதம் போட்டால் பெரியப்பாவின் கையில்தான் விழும். ஆகவே சகோதரிகள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. படம் ஓடும் மூன்று மணித்தியாலமும் இருட்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு கதைப்பார்கள். பெரியம்மா பக்கத்திலிருந்து திரையைப் பார்ப்பதுபோலக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாராம். ஆண்கள் பக்கத்தில் பெரியப்பா தன் வழக்கப்படி தூங்குவார். என்னை மறுத்ததும் இதற்காகத்தான். பார்த்ததையெல்லாம் கைவீசி நடித்துக்காட்டுகிற ஒரு பிள்ளையை அந்த வாங்குக்கு எப்படிக் கொண்டுபோவது? இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. பத்து வயதில் நான் அறிந்தது, என் அம்மா என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்பது மட்டும்தான்.

அந்த வருச மாரிமழை முடிந்த கையோடு ஒரு புதுப்படம் வந்தது. நானும் பெரியப்பாவும் புறப்படுவதற்கு முதல்நாள், அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து, சின்ன மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"நல்ல புள்ளி போட்டா என்னையும் கூட்டிப்போவீங்களாம்மா?"

அம்மா மூட்டையின் முடிச்சை இறுக்கினார். பிறகு, "இந்த முறை ஒண்ணா மகள். அடுத்த முறை பாப்பம்" என்றார்.

"ஏன் ஒண்ணா?"

"தம்பிய ஆரு பாக்கிற?"

நான் எழும்பிப் போனேன். நல்லது, பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

படம் ஒரு தாதியைப் பற்றியது. அவள் வேலை செய்யும் ஆசுபத்திரிக்கு ஒரு லொறிச் சாரதி கால் முறிந்து வருகிறான். வாள் கிடையாது, சண்டை கிடையாது, ஆனால் பாட்டு நல்ல பாட்டு. ஒரு கிழட்டு டாக்டர் வந்து சிரிக்க வைத்தார். நேர்மையாகப் போட்டால் அறுபது வந்திருக்கும். தோணியில் திரும்பி வரும்போது நான் மனக்கணக்கில் அறுபதிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தேன்.

வளவில் எல்லாரும் கூடி நின்றார்கள். "நூத்துக்கு இருபத்தெட்டு" என்றேன்.

பெரியம்மா நாடியில் கையை வைத்தார். அம்மா தூணை விட்டு முன்னுக்கு வந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு மகள். பாட்டெல்லாம் நல்லமாமே, தோணிக்காரன் சொன்னான்." அம்மா ஒரு படத்துக்காக வாதாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் புள்ளிக்கு எதிராகத் தோணிக்காரனைச் சாட்சிக்கு இழுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்தெட்டு போதாது, ஐம்பதாக ஏற்றச்சொல்லிக் கேட்பார்கள் என்று பட்டது.

"ஒரு கூடாத ஆட்டமும் இரிக்கி" என்றேன்.

அப்படி ஒரு ஆட்டம் அந்தப் படத்தில் இல்லை. எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் படம் முழுக்கத் தூங்கியவர். இல்லை என்று சொன்னால் அகப்பட்டுக்கொள்வார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஓம் ஓம். அந்த ஆட்டம் சரியில்ல. நானே கண்ண மூடிட்டன். பொம்புளயள் பாக்கிற படமில்ல இது."

அதோடு விசயம் முடிந்தது. நான் இனிப் பொய்யை விழுங்க நினைத்தாலும் பெரியப்பாவைப் பொய்யர் ஆக்காமல் விழுங்க முடியாது. அம்மா உள்ளே போனார். துணிமூட்டை பெட்டகத்துக்குள் போனது.

சின்னம்மாவை நான் விபரம் தெரிந்த வயதில் கண்டது பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, அம்மாவின் முப்பத்தோராம் நாளன்று. பெரியம்மா டவுன் அச்சுக்கூடத்து விலாசத்துக்கு அடித்த செத்தவீட்டுத் தந்தி சுற்றிப் போய்ப் பிந்திக் கிடைத்ததாம். கொழும்பிலிருந்து தனியாக வந்திருந்தார். பெரியப்பா அப்போது தளர்ந்துபோயிருந்தார், தடுக்கவில்லை. சின்னம்மாதான் என்னைப் பக்கத்தில் இருத்தி அந்தச் சனிக்கிழமைகளையெல்லாம் சொன்னார். நான் இருபத்தெட்டு போட்ட அந்தப் படம் ஓடிய நேரம், புருசனுக்குக் கொழும்பில் ஒரு அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்து, அடுத்த கிழமை புறப்பட இருந்தார்களாம். வயிற்றில் ஆறு மாதம். கடைசியாக அக்காவைக் கண்டு சொல்லிக்கொண்டு போகலாம் என்று மெட்னியும் பார்த்து, அக்கா பஸ் தவறியிருப்பார் என்று அடுத்த ஷோவுக்கும் டிக்கட் எடுத்து இருந்தாராம். படத்தில் மறுக்கிறதுக்கு ஒன்றும் இல்லை, ஆகவே அக்காவும் கடைசியில் பெரியப்பாவின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தாராம். அந்தக் கோபத்தில் தானும் பிறகு ஆள் மூலம்கூட ஒரு தகவலும் அனுப்பவில்லை என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மறுபடி காணவேயில்லை.

"அண்டைக்கு அக்கா ஏன் வரல்ல? உனக்கு ஏதும் தெரியுமா மகள்?" என்று கேட்டார்.

எனக்கு இருபத்திரண்டு வயது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனுசிக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். "தெரியாது சின்னம்மா" என்றேன். முதல் பொய்யையாவது குழந்தை சொன்னது என்று தள்ளிவிடலாம். இதை எதில் சேர்ப்பது?

அந்த இரண்டாம் சனிக்கிழமையை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். மத்தியானச் சோறு முடிந்து, பெரியப்பா வட்டைக்குப் போயிருந்தார். அம்மா தம்பியை நித்திரையாக்கிவிட்டு, வாசலில் பாய் போட்டு என்னைக் கூப்பிட்டார். "அந்தப் படக்கதையச் சொல்லு மகள்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா தானாக என்னிடம் கதை கேட்கிறார். நான் எழும்பி நின்று தொடங்கினேன். அம்மா, "கெதியாச் சொல்லாத. படத்தில எப்பிடிப் போகுதோ அப்பிடிச் சொல்லு" என்றார். நடுவில், "இப்ப மூண்டரை மணி இரிக்கும். இந்நேரம் எந்த இடம் ஓடும்?" என்று கேட்டார். நான் கணக்குப் பார்த்து, லொறிக்காரனுக்குக் கட்டு அவிழ்க்கிற இடம் என்றேன். "இடைவேளை எப்ப விடுவாங்க?" என்றார். சொன்னேன். இடைவேளைக்கு நானும் கதையை நிறுத்தினேன். அம்மா வளவுக்கு வெளியே ஒழுங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொடர்ந்தேன். பாட்டுகளைப் பாடிக்காட்டினேன். கடைசியில் தாதி ஆசுபத்திரி வாசலில் தனியாக நிற்கும் இடத்தில் அம்மா அழுதுவிட்டார். என் நடிப்புக்கு அப்படி ஒரு வெற்றி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நான் கதையை முடித்துப் பாயில் இருந்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அந்த ஆட்டம் எங்க வாற மகள்?"

ஆட்டத்தை நான் மறந்தே போய்விட்டேன். மூன்று மணித்தியாலக் கதையில் ஒரு இடத்திலும் அதை வைக்கவில்லை. "அது... இடைவேளைக்கு முதல்ல வாற. சின்ன ஆட்டம்தான்" என்றேன்.

அம்மா என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டு, "சரி மகள், போய்க் கால்முகம் கழுவு" என்றார். அகப்படாமல் தப்பினேன் என்று நினைத்து, கிணற்றடிக்குத் துள்ளிக்கொண்டு ஓடினேன்.