காயட்டும் அக்கா எடுத்த ரத்தம்

எங்கள் குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸுக்குக் ‘காயட்டும்’ அக்கா என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான். நானும் நர்ஸ்தான், ஆனால் பொறுமை என்பது என்னிடம் மருந்துக்கும் கிடையாது. ரத்தம் எடுக்கும் இடத்தில் கிருமி கொல்லும் மருந்தைத் தடவினால், அது தானாக உலரும்வரை அக்கா ஊசியைத் தொடமாட்டார். ஊதமாட்டார், விசிறமாட்டார்; கேட்டால் ‘காயட்டும்’ என்பார். தோலில் சும்மா கிடக்கும் கிருமி ஊசியோடு, லேபில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தப் புட்டிக்குள் போய்விட்டால், ரத்தத்திலேயே கிருமி என்று லேப் தப்பாகச் சொல்லிவிடும். எல்லோரும் படித்த பாடம்தான்.

அன்று வந்த கைக்குழந்தைக்கு வைரஸ் சளி. சோதனையில் உறுதியாகிவிட்டது. ஆனாலும் அவன் துவண்டு கிடந்த விதம் டாக்டரம்மாவுக்குச் சரியாகப் படவில்லை. ரத்தத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னார். அக்கா மருந்தைத் தடவிவிட்டு நின்றார்.

“இது காயறதுக்குள்ள என் பையன் வளந்துடுவான் போலிருக்கே!” என்றார் குழந்தையின் அப்பா.

“வளரட்டும் சார். அதுக்குத்தான் நிக்கிறேன்.”

மறுநாள் காய்ச்சல் தணிந்து பால் குடித்தான். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு. அம்மா பையைக் கட்டிவிட்டாள். அப்போது லேபிலிருந்து போன்: புட்டியில் கொத்துக் கொத்தாகக் கிருமி. தோல் கிருமியா, ஆளை அடிக்கிற கிருமியா என்பது நாளைக்குத்தான் தெரியுமாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல.

“ரத்தம் எடுத்தது யாரு?” என்றார் டாக்டரம்மா.

“காயட்டும் அக்கா.” பட்டப்பெயரே என் வாய் தவறி வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. “அப்ப அது ரத்தத்துலதான் இருக்கு. பையை அவுக்கச் சொல்லுங்க. மருந்தை உடனே ஏத்துங்க.”

சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது, கைகால் சில்லிட்டது. நல்லவேளை, மருந்து ஏற்கெனவே உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை அகலம்தான் அந்த மார்பு. அதற்குள் வைரஸ் ஒரு பக்கம், இந்தக் கிருமி ஒரு பக்கம். அவனோ விடாமல் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அக்கா வீட்டுக்கே போகவில்லை.

விடிந்ததும் காய்ச்சல் இறங்கியது. கண் திறந்து அம்மாவைத் தேடினான். லேபும் சொல்லிவிட்டது: ரத்தக் கிருமியேதான். நான் துள்ளிக்கொண்டு ஓடினேன்.

“அக்கா, ஜெயிச்சிட்டீங்க! உங்க கை சுத்தம்!”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போடி. இந்த ஒரு தடவையாவது என் கை தப்பா இருந்துடக் கூடாதான்னுதான் ராத்திரி பூரா வேண்டிக்கிட்டிருந்தேன்.”