புகைப்புரையில் வாசித்த கதை

செருப்புக்கடையில் புது ரப்பர் மணம் அடித்தாலே ஆரியங்கோட்டில் என் தோழி ஸ்டெல்லா வீட்டில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரைக்குள் போய்விடுகிறேன். இப்போது அது கார் ஷெட். சனிக்கிழமைகளில் நாங்கள் நாலு பெண்கள், கண் எரிய எரிய, உலரப் போட்ட ரப்பர் ஷீட்டுகளுக்குக் கீழே உட்கார்ந்து, எழுதியதைப் பெயரில்லாமல் மடித்துப் பால்வாளியில் போடுவோம். ஒருத்தி எடுத்து வாசிக்க, எழுதியவளும் சேர்ந்து குறை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிடிபட்டுவிடுவாள். என் கையெழுத்து யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு முகத்தையும் நான் வேவு பார்த்துக்கொண்டே இருப்பேன்.

துபாய்க்குப் போன அப்பாவிடமிருந்து தகவலே நின்றுபோன வருடம், மகள் காத்து நிற்க, பாறசாலையில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து அப்பா இறங்காமல் போவதோடு முடியும் கதையை எழுதிப் போட்டேன். ஸ்டெல்லாதான் எடுத்தாள். தடங்கலில்லாமல் வாசித்தாள், அவள் வாசிப்பில் கடைசியில் பெரிய பெட்டியோடு அப்பா இறங்கி வந்தார். நான் அப்படி எழுதவில்லை. மற்ற இருவரும் கூரையைப் பார்த்தார்கள். எழுதியது நான்தான் என்று தெரிந்துகொண்டு கேலி செய்கிறார்களோ?

குறை சொல்ல என் முறை வந்தது. "முடிவு பொய்யாக்கும். அவரு வரமாட்டாரு," என்றேன்.

ஸ்டெல்லா தாளை மடித்து என் மடியில் வைத்தாள்.

"கததானே மக்கா, வந்துட்டுப் போட்டும்."