சாயக்காரனின் தோணி

பழவேற்காட்டுத் துறையில் ஒரே கூச்சல். ஒல்லாந்தர் கோட்டைக் காவலர்கள்கூட மதில்மேல் நின்று பார்க்கிறார்கள். ஏரியில் ஒரு தோணி தள்ளாடி வருகிறது.

"என்னம்மா விசேஷம்?" என்று பக்கத்தில் நிற்கும் மீன்காரப் பெண்ணைக் கேட்கிறேன்.

"அதுல வர்றவரு துணிக்குச் சாயம் போடுறவரு. என்னக் கட்டிக்கணுமாம். தோணிரேவு ஊர்லேர்ந்து தோணியத் தனியா தள்ளிக்கினு வந்தா பொண்ணு தரேன்னு நைனா சொல்லிட்டாரு."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பின்ன, சும்மாவா காலையிலேர்ந்து நிக்கிறேன்?"

தாலி கட்டும்வரை என் மனைவியின் முகத்தையே நான் பார்த்ததில்லை.

தோணி சேற்றில் சிக்குகிறது. மீன்கூடையை என் கையில் திணித்துவிட்டு அவள் தண்ணீரில் குதிக்கிறாள்.

"தனியா வரணும்னுதானே சொன்னேன்!" என்று கரையில் நிற்கும் அவள் தகப்பன் கத்துகிறார்.

"கட்டிக்கினா ரெண்டு பேரும்தானே தள்ளணும், நைனா!"

இருவரும் தள்ள, தோணி அசைகிறது. கரையோடு சேர்ந்து நானும் ஆர்ப்பரிக்கிறேன். தகப்பன் முணுமுணுத்தபடியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோணியை இழுக்க இறங்குகிறார்.