வான்படத்தில் குழி, தரையில் மேடு

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து ராஜபாளையம் போய் வந்தேன். பழைய வான்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காடு காடாக அலையும் என்னைப் போன்ற கிறுக்குகள் இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் நகல் என்னிடம் உண்டு. சோழபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டில், ஓடைக்குக் கிழக்கே வட்ட வட்டமாக மேடுகள், மேற்கே குழிகள். மேடுகள் பழங்கால ஈமக்காடு, அடியில் முதுமக்கள் தாழிகள் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். குழிகள் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளங்கள்.

நிலத்துக்காரர் முத்தையா, பட்டாளத்தில் இருந்தவர். தென்னை வைக்க, அந்தச் சனிக்கிழமை காலையில் ஜேசிபி விட்டு நிலத்தை நிரவப் போகிறார் என்று தெரிந்ததும் போனில் பேசினேன். "கிழக்கே மட்டும் தொடாதீங்க ஐயா. மேற்கே ஒண்ணுமில்லை. சனிக்கிழமை நேர்ல வரேன்" என்றேன். "நீங்க சொன்னாச் சரிம்மா" என்றார்.

காலை ஆறு மணிக்குப் பஸ். எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, இட்லி சாப்பிட்டு, முத்தையா வீட்டுக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். ஒரு மணி நேரம் போயிற்று.

அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த ஊர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஆட்டோ பேசினேன். கிளம்பும் முன் டிரைவர் அண்ணாச்சியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். படத்தை மேசையில் விரித்தேன்.

"ஓடைக்கு இந்தப் பக்கம் என்னக்கா, கொப்புளம் கொப்புளமா இருக்கு?" என்று மேற்கே விரல் வைத்தார்.

"அது குழி அண்ணாச்சி."

"எனக்குப் பொடச்சுக்கிட்டுல்லா தெரியுது."

அவர் படத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படியே தெரியும்படி திருப்பினேன். குழிகள் எல்லாம் மேடாக எழும்பின, மேடுகள் எல்லாம் குழியாக இறங்கின. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் தை மாத வெயில் தெற்கிலிருந்து விழும். வடக்கை மேலே வைத்துப் பிடித்தால் நிழல் மேல்பக்கம் போய், மேடு குழியாகிவிடும். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

முத்தையாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு ஏறினோம். ஸ்பின்னிங் மில் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். "ஜேசிபி சத்தத்துல கேக்காதுக்கா. செத்த நேரம் பொறுங்க" என்றார் அண்ணாச்சி. செங்கோட்டை ரயில் ஆற அமரப் போனது.

போய் இறங்கியதும் கண்ணில் பட்டது கிழக்குப் பக்கம். புல் மண்டிய செங்கல் பள்ளங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இழுத்து, சம இடைவெளியில் கம்பு நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பட்டாளத்துக்காரர் வேலை அல்லவா, கோணல் இல்லை. மேற்கே ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது.

கத்திக்கொண்டே ஓடினேன். நிறுத்தினார்கள். கிளறிய மண்ணில் கனத்த தாழி விளிம்புகள், கறுப்பும் சிவப்புமாய்ச் சட்டி ஓடுகள். மிஞ்சியது ஒரே ஒரு மேடு.

"நீங்க சொன்ன எடத்துல ஒரு புல்லக்கூட புடுங்கலயம்மா" என்றார் முத்தையா.

தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கிழக்கே போய்க் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வந்து அந்த ஒற்றை மேட்டைச் சுற்றி நட்டார். கடைசிக் கம்பை அடிக்கும் முன், "இந்தத் தடவ சரியாப் பாத்துட்டியளா?" என்று கேட்டார். பால்கோவாவை அவரிடம் கொடுக்க எனக்கு முகமில்லை.

கிளம்புகிறவர்களுக்கு: படத்தை எப்போதும் நிழல் உங்களை நோக்கி விழும்படி பிடியுங்கள். இன்னொருவரை எதிரே உட்காரவைத்துக் காட்டுங்கள். உடைந்த ஓடுகளை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். நாங்களும் அன்றே எழுதிப்போட்டோம். முக்கியமாக, நேரில் நின்று பார்க்காத இடத்தை "ஒண்ணுமில்லை" என்று போனில் சொல்லாதீர்கள்.

நீங்கள் போனால் மேற்கே சிவப்புத் துணி கட்டிய மேடு தெரியும். கிழக்கே வெறும் பள்ளத்தைச் சுற்றி மழை பெய்யும்வரை ஒரு சுண்ணாம்புக் கோடும் இருக்கும். அது நான் போடச் சொன்னது.