முட்டை எண்ணிய ஞாயிறுகள்
டிசம்பர் 8, காலை 6.20, தூறல். நடைப்பயிற்சியில் நனைந்த கருவேலமும் பறவை எச்சமும் கலந்த வாடை வந்ததும், எழுபதுகளில் ராசிபுரத்துப் பக்கம் எங்கள் இயற்கை மன்றத்தார், பெரியவர் எட்டு, என்னோடு பிள்ளைகள் மூன்று, விறகுக்கு வெட்டவிடாமல் காசு போட்டுக் குத்தகைக்கு எடுத்த ஏரிக்குள் நின்ற ஒன்பது கருவேல மரங்களும், அவற்றில் ஓயாத கொக்குகளின் கரகரப்பும் நினைவில் எழுந்தன. எண்ணினால்தான் காப்பாற்ற முடியும் என்று ஞாயிறுதோறும் மரமேறி முட்டைகளை எண்ணினோம். கணக்கில் சந்தேகம் தீராமல் நான் இரண்டாம் தடவையும் ஏறுவேன். ஏறும்போதெல்லாம் தாய்க்கொக்குகள் பறந்தன, காக்கைகள் இறங்கின. ஐந்தாம் ஞாயிறு கூடுகள் அத்தனையும் காலி.

"எண்ணி எண்ணியே தொரத்திப்போட்டீங்களே சாமி!" என்று சிரித்தார் ஆடு மேய்க்கும் மாரக்கா.

கொக்கில்லாத மரங்களுக்கு மறுவருடம் யாரும் காசு தரவில்லை; ஒன்பதும் விறகாயின. சைக்கிளுக்குச் சேர்த்த உண்டியலை உடைத்து முதல் குத்தகைக்கு நான் கொடுத்திருந்தது பதினேழு ரூபாய் நாற்பது காசு.