குடித்துவிட்டு ஓட்டியவனின் இன்ஷூரன்ஸ்

கல்லாறு என்ற ஊரில் நண்பர் கொடுத்த மதிய விருந்தில் குடித்தேன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்று தெரியாதவன் அல்ல. மனைவி, தானே ஓட்டுவதாகச் சொன்னாள். கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில், நெடுமங்காடு வருவதற்கு முன், சாலையோரம் நின்ற ஆட்டோவில் இடித்தேன். அதைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரின் கால் ஒடிந்தது.

நான் முதலில் அழைத்தது ஆம்புலன்ஸை அல்ல. கரமனையில் எங்கள் தெருவிலேயே இருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டை.

"மாமா குடிச்சிட்டுண்டோ? அப்போ கிளெய்ம் போச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள மாமியை டிரைவர் சீட்டில உட்காரச் சொல்லுங்கோ. மாமிக்கு லைசென்ஸ் உண்டல்லோ?"

மனைவி அதற்குள் ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டு, அந்த மனிதரின் தலையை மடியில் தாங்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஓட்டினதாச் சொல்லிடேன்" என்றேன்.

"சொல்றேன். முதல்ல இவர்கிட்ட கேளுங்கோ, யார் ஓட்டினான்னு. என்னைக் காட்டினார்னா சொல்றேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. போலீஸ் வந்து மூச்சுச் சோதனைக் கருவியை நீட்டியதும் ஊதினேன்.

நீதிமன்றம் அபராதம் விதித்து லைசென்ஸை நிறுத்திவைத்தது. குடித்து ஓட்டியதால், கார் பழுதுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றும் தரவில்லை. டிரைவருக்கான இழப்பீட்டை நிறுவனம் உடனே கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் சொன்னது. காரை விற்றேன். போதவில்லை, வைப்புநிதியையும் உடைத்தேன்.

"மாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனையும் மிச்சம்" என்று ஏஜெண்ட் இன்றும் வருந்துகிறார்.

எங்கள் வக்கீல் சொன்னது வேறு. யார் ஓட்டியது என்று தகராறு கிளம்பியிருந்தால், அந்த மனிதருக்குப் பணம் வந்து சேர வருஷங்கள் ஆகியிருக்குமாம். அந்தப் பணத்தில்தான் அவருக்கு இரண்டாவது அறுவை நடந்தது. சற்றே சாய்ந்து நடக்கிறார், ஆட்டோவும் ஓட்டுகிறார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம்.

"சார் இப்போ பஸ்ஸிலாணோ வர்றது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பஸ்ஸிலதான். அங்கேயும் டிரைவருக்குப் பின்னாடி சீட் கிடைச்சா, பிரேக் போடு, பிரேக் போடுன்னு உபதேசம்."

அவர் உரக்கச் சிரித்தார். கொஞ்சம் தாமதித்து நானும் சிரித்தேன். அன்று அவள் எனக்காகப் பொய் சொல்லியிருந்தால், அந்த வாசற்படியை நான் மிதித்திருக்க முடியாது. திரும்பும் வழியில், பஸ்ஸில் அவள் இருக்கையருகே நின்றபடி, அவளிடம் இதைச் சொல்லி நன்றி என்றேன். ஜன்னல் பக்கம் நகர்ந்து, உட்கார இடம் கொடுத்தாள்.