கோட்டைச் சாவி

சிட்னியின் பென்டில் ஹில்லில் மாதம் ஒருமுறை நடக்கும் எங்கள் தமிழ் வாசகர் கூட்டத்துக்கு அந்த ஈழத்துப் பெரியவர் தவறாமல் வருவார். வெள்ளைத் தாடி, எந்தப் பருவத்திலும் அதே நீலக் கம்பளிச் சட்டை. கதவோர நாற்காலியில்தான் உட்காருவார். ஜூலைக் குளிரிலும் கதவை முழுக்கச் சாத்த விடமாட்டார். ஒரு செருப்பைக் கழற்றி இடுக்கில் வைத்துவிடுவார். 'வாட்ச்மேன் அங்கிள்' என்று நாங்கள் கேலி செய்வோம்.

அன்று நான் போர்ட்ஸ்மத் பற்றிப் பேசினேன். சிட்னிக்கு முதல் கைதிக் கப்பல்கள் கிளம்பிய அந்த இங்கிலாந்துத் துறைமுகம், ராணுவ ஆளுநர்கள் காவல் காத்த கோட்டை நகரம். இரவானால் வாயில்களைப் பூட்டிச் சாவியை ஆளுநரிடம் கொடுத்துவிடுவார்கள்.

"என்ன ஒரு ஒழுங்கு பாருங்க!" என்று மெச்சினேன்.

அவர் கை தூக்கினார். "தம்பி, ராவில ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நோவு கண்டா, கேற்றைத் திறந்து விடுவினமோ?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். "அதெல்லாம் புத்தகத்துல இல்ல அங்கிள்."

"ஓம், அதை எழுதமாட்டினம்" என்றார், கோபமே இல்லாமல். "எங்கட ஊரில, சண்டை நேரம், ஆமிக்காரர் கேற்றைத் திறக்கேல்லை."

ஆளுநர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வந்திருந்தேன். பெயர்கள் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும், எல்லோரும் வெளியேறும்வரை வழக்கம்போல அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டு வாங்கோ தம்பி."

அவர் முகத்தைப் பார்க்காமல், நீட்டியிருந்த அந்தக் கைக்குக் கீழே குனிந்து வெளியே போனேன்.